'கி' போட்ட கட்டு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் காலை லோக்கல் வந்து நின்றதும், சிப்காட்டுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் நடைமேம்பாலம் ஏறும். அந்தக் கூட்டத்தைக் கீழே நின்று பார்ப்பது கிறிஸ்டினாவுக்கு ஒரு காலத்தில் பெரிய பொழுதுபோக்கு. நடையைப் பார்த்தே வலி எங்கே என்று சொல்லிவிடுவாள். நீலச் சட்டைக்காரருக்கு வலது முழங்கால். டிபன் கூடையைக் கைமாற்றிக்கொண்டே போகிற அம்மாவுக்குத் தோள்பட்டை. அன்புசெல்வன் பக்கத்தில் நிற்பான். பந்தயம் ஒரு டீ. அப்போது அவன் அவள் கணவனில்லை, ரோலிங் மில்லில் ஃபிட்டர், அவ்வளவுதான். கொஞ்சமும் கூச்சப்படாமல் அந்த ஆளின் பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வருவான்.

"அண்ணே, வலது முட்டி வலிக்குதா?"

"ஆமா நைனா, ரெண்டு மாசமா பேஜாரு. உனுக்கு யாரு சொன்னது?"

"தோ நிக்கறாங்களே, எங்க கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு மேடம். இப்ப நான் டீ வாங்கித் தரணும்."

இந்த ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, கல்லூரிக்குப் போகும் மகள் நர்மதாவை ரயிலேற்றிவிட அதே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள் கிறிஸ்டினா. வயது நாற்பத்தைந்து. எதிரே ஒரு பெண் இடது காலை லேசாக வீசி வீசிப் படியேறினாள். கிறிஸ்டினாவின் கண் பழக்கத்தில் அந்தக் காலுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டது. கையிலிருந்த வண்டிச் சாவியைப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, அந்தக்கா கால பாக்கல நீ?"

"பாத்தேன்."

"இன்னா அது?"

"தெரியல. ட்ரெய்ன் வருது, பைய எடு."

தெரியாமல் இல்லை, இடுப்பு. தெரிந்துகொள்ள மனசு இடம் தரவில்லை. இன்னும் ஒரு காலைத் தாங்க முடியாது என்று உள்ளே ஏதோ கதவைச் சாத்திக்கொண்டது. ரயில் போன பிறகும் வண்டியைக் கிளப்பாமல் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கைபேசியில் ஒரு செய்தி மூன்று நாளாகப் பதிலில்லாமல் கிடந்தது. 'மேடம், அடுத்த சீசனுக்கான ஒப்பந்தம் ரெடி. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு யெஸ் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.' அனுப்பியவன் விஷ்ணுவர்தன். 'பழவேற்காடு பெலிக்கன்ஸ்' என்ற வாலிபால் அணியின் மேலாளர். திருவள்ளூர் தேரடிப் பக்கத்துப் பிள்ளை, எல்லாவற்றையும் பாத்துக்கறேன் என்று சொல்லக்கூடியவன்.

கிறிஸ்டினா அந்த அணியின் மருத்துவப் பிரிவுக்குத் தலைவி. நாட்டின் பெரிய லீக்கில் விளையாடுகிற அணி. அவளுக்குக் கீழே ஒரு டாக்டர், இரண்டு பிசியோதெரபிஸ்டுகள், மசாஜ் செய்பவர்கள், சாப்பாட்டு அட்டவணை போடுகிற பெண் என்று எட்டுப் பேர். பதினெட்டு ஆட்டக்காரர்களில் யார் இன்று களத்தில் இறங்கலாம், யார் கூடாது என்று சொல்கிற கையெழுத்து அவளுடையது. ஐந்து சீசனாக 'யெஸ்' என்று எழுத அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆனதில்லை. இந்த முறை கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவள் வீட்டுக்குக்கூடத் தெரியாது.

*

அவளுடைய அப்பா கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நிலம் தொழிற்சாலையானதும் அதே இடத்தில் மூட்டை தூக்கினார். அவர் முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் பிசியோதெரபி படித்தாள் என்று பேட்டிகளில் எழுதுவார்கள். உண்மையில் நர்சிங்கில் இடம் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது. படித்து முடித்ததும் ரோலிங் மில்லின் முதலுதவி அறையில் வேலை. ஒரு கட்டில், ஒரு பீரோ, டெட்டால் வாசனை, ஜன்னல் முழுக்க இரும்புத் தூசி.

மில்லுக்கு ஒரு வாலிபால் அணி இருந்தது. சிப்காட்டில் எட்டுப் பத்துக் கம்பெனிகள் சேர்ந்து, துணை மின்நிலையத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போட்டி நடத்துவார்கள். அன்புசெல்வன்தான் கேப்டன். ஆட்டத்துக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்பது விதி. மருத்துவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆகையால் கிறிஸ்டினா போனாள்.

ஐஸ் வேண்டுமே. பழவேற்காட்டிலிருந்து மீன் ஏற்றி வருகிற வண்டிக்காரரிடம் சொல்லிவைத்தால் ஒரு பாளம் இறக்கிவிட்டுப் போவார். அதைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, வீங்கின இடத்தில் வைப்பாள். ஐஸ் கரையக் கரைய ஆட்டக்காரன் மேல் இறால் வாசனை வரும்.

"சிஸ்டர், ஊட்டுக்குப் போனா பூன தொரத்துது என்ன."

"தொரத்தட்டும். ஓடுனா காலு நல்லாருக்குன்னு அர்த்தம்."

அவள் பாடு பெரும்பாடானது கட்டுப் போடுவதில்தான். கணுக்கால் பிசகினவனுக்கு டேப் சுற்றி, 'இத ரெண்டு நாள் கழட்டாத' என்று சொல்லி அனுப்புவாள். ஆட்டம் முடிந்து குளிக்கும்போதே பிய்த்து எறிந்துவிட்டு, மறுநாள் ஷிஃப்டில் எட்டு மணி நேரம் நின்று, அடுத்த ஞாயிறு அதே காலோடு வந்து நிற்பார்கள். ஒருநாள் அவள் கோபத்தில் டேப் ரோலை மைதானத்தில் விட்டெறிந்தாள். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து தந்த அன்புசெல்வன் ஒரு யோசனை சொன்னான்.

"எங்க லைன்ல டேக் போட்டா எவனாச்சும் கை வெப்பானா? நீங்களும் டேக் போடுங்க."

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவன், முதலில் மெயின் ஸ்விட்ச்சில் தன் பூட்டை மாட்டி, தன் பெயர் எழுதிய அட்டையை, அதுதான் டேக், தொங்கவிடுவான். அவனே வெளியே வந்து தன் கையால் கழற்றும்வரை அந்த ஸ்விட்ச்சை வேறு யாரும் தொடக்கூடாது. முதலாளியே வந்தாலும் கூடாது. உள்ளே இருப்பது ஒரு உயிர் என்பது அந்த அட்டைக்கு அர்த்தம். அதைப் புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆள்கூட மதிப்பான்.

அடுத்த ஞாயிறு முதல் கிறிஸ்டினா கட்டுப் போட்டு முடித்ததும் மார்க்கர் பேனாவால் டேப்பின் மேல் தேதியும் ஒரு 'கி'யும் எழுதினாள். அவ்வளவுதான். ஒருவன் பிய்க்கவில்லை. குளிக்கும்போது காலில் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு குளித்தார்கள். புதன்கிழமை மதியம் முதலுதவி அறை வாசலில் வரிசையாக வந்து நின்று, "சிஸ்டர், உங்க டேக், நீங்களே கழட்டுங்க" என்றார்கள். அந்த வருஷம் மில் அணியில் ஒரு கணுக்கால்கூடத் திரும்பப் பிசகவில்லை; கோப்பையும் வந்தது. அடுத்த வருஷம் மாவட்ட அணிக்குக் கூப்பிட்டார்கள், பிறகு மாநிலத்துக்கு.

கல்யாணம் நடுவில் நடந்தது. அவள் சரி என்று சொன்ன நாளில்தான் அன்புசெல்வன் அந்தப் புகழ்பெற்ற காரியத்தைச் செய்தான். ஷிஃப்ட் முடிந்ததும் பூட்டைக் கழற்றாமல், சாவியை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே எளாவூர் போய்விட்டான். வீட்டில் லுங்கியோடு மீன் குழம்பில் சோறு பிசைந்துகொண்டிருந்தவனை கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஆள் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்தாலும் அவன் பூட்டை வேறொருவன் உடைக்கமாட்டான். இரண்டு மணி நேரம் லைன் நின்றது. பத்து வருஷம் வரைக்கும் மில்லில் அவனுக்கு 'சாவி' என்று பெயர்.

*

பெரிய அணிக்குப் போனபோதும் 'கி' கூடவே போனது. அங்கே ஐஸுக்குத் தனி இயந்திரம், வெள்ளை மேஜைகள், வலியை நிறத்தில் காட்டுகிற கம்ப்யூட்டர். காலை ஐந்தரைக்கு எல்லா ஆட்டக்காரர்களும் கைபேசியில் எண் அனுப்ப வேண்டும்: தூக்கம் பத்துக்கு எத்தனை, வலி பத்துக்கு எத்தனை, மனசு பத்துக்கு எத்தனை. பதினெட்டுப் பேர் எண்ணையும் அவளே படிப்பாள். உதவிக்கு ஜானவி இருந்தாள், முப்பத்தொரு வயது, கெட்டிக்காரப் பிசியோ. மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "மேடம், சின்னச் சின்ன கிளியரன்ஸாவது நான் சைன் பண்றேனே." கிறிஸ்டினா சிரித்துக்கொண்டே, "பண்ணலாம், பண்ணலாம், இந்த சீசன் போகட்டும்" என்பாள்.

நம்பிக்கையில்லாமல் இல்லை. ஒரு ஆட்டக்காரனை ஒருநாள் முன்னால் இறக்கிவிட்டால் அவன் தோள் போகும். ஒருநாள் பின்னால் இறக்கினால் அணி தோற்கும். இரண்டிலும் கேள்வி அவளிடம்தான் வரும். அந்தக் கேள்வி ஒரு சின்னப் பெண்ணிடம் போக வேண்டாம் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் எட்டுப் பேர் வேலையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். மேலே இருப்பவர்கள் "கிறிஸ்டினா மேடம் இருக்காங்க" என்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்த மேஜையை விட்டு அவள் எழுந்த மாதிரி இல்லை. அன்புசெல்வன் தோள் வலிக்கிறது என்றால், "பத்துக்கு எத்தன?" என்பாள்.

"அஞ்சு. நீ கேட்ட கேள்வில ஆறாயிடுச்சி."

போன டிசம்பரில் நர்மதா காய்ச்சலில் படுத்துக்கொண்டு போனில் அழுதாள். கிறிஸ்டினா விசாகப்பட்டினத்தில் இருந்தாள். "டெம்பரேச்சர் எவ்ளோ, எத்தன மணிக்கு எடுத்த, அத டைப் பண்ணி அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாள். மகள் டைப் பண்ணி அனுப்பினாள்: 'காய்ச்சல் 102. மனசு பத்துக்கு ஒண்ணு. இப்படிக்கு, பத்தொன்பதாம் நம்பர் ஆட்டக்காரி.' அதைப் படித்து அவள் சிரித்திருக்க வேண்டும், இல்லை அழுதிருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. அடுத்த செய்தியைத் திறந்தாள்.

முன்பெல்லாம் ஒருவன் தோல்வியில் அழுதால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். இப்போது அழுகிறவன் தோளைத் தட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இது சோர்வு, சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சீசன் முடிந்து இரண்டரை வாரம் ஆகியும், காலை நாலே முக்காலுக்கு விழிப்பு வந்து, யாரும் அனுப்பாத எண்களுக்காகக் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

*

அரையிறுதி ஐதராபாத்தில். உடை மாற்றும் அறை புதிது. அவர்களுடைய மேஜையை யாரோ தலைமாடு கால்மாடாகத் திருப்பிச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அதை அவள் கவனித்தாள். திருப்பச் சொல்ல நேரமில்லை.

அன்று மட்டும் பதினோரு கணுக்கால். ஏழாவது, பாக்கியராஜ். புதுவாயல் பக்கத்து ஆரணிக்காரன், இருபத்து நாலு வயது, வலைக்கு மேலே இரண்டு கையும் நீட்டினால் எதிராளிக்கு வானம் தெரியாது. நவம்பரில் வலது கணுக்கால் பிசகி, அவள்தான் ஒவ்வொரு நாளாகத் தேற்றிக் களத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அவன் வந்து மல்லாந்து படுத்தான். அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில் கைபேசி. மேலிடத்திலிருந்து ஒருவர், தோள் வலியோடிருந்த இன்னொரு ஆட்டக்காரனை இறக்கலாமா இல்லையா என்று நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பதில் சொல்லிக்கொண்டே சுவரை ஒட்டிய காலை எடுத்தாள். ஐந்து வருஷமாகச் சுவரை ஒட்டிய கால் என்றால் வலது. சுற்றினாள், இறுக்கினாள், தேதி போட்டாள், 'கி' போட்டாள், முதுகில் தட்டி அனுப்பினாள். பதிவேட்டில் எழுதினாள்: 'பாக்கியராஜ். கணுக்கால். டேப் போடப்பட்டது. கி.'

மூன்றாவது செட்டில் அவன் எம்பி இறங்கும்போது கீழே எதிராளியின் பாதம் இருந்தது. வலது கால் மடங்கியது. அவள் ஓடிப்போய் ஷூவையும் சாக்ஸையும் உருவினாள். உள்ளே டேப் இல்லை. வெறும் தோல்.

அவள் மெல்ல இடது காலைப் பார்த்தாள். அங்கே சாக்ஸ் தடித்திருந்தது.

ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் வந்து, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு காலையும் காட்டச் சொன்னபோது கிறிஸ்டினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது காலும் வெறுமையாக இருந்தது. கட்டு இல்லை. எங்கே போனது என்று அவளுக்குப் புரியவில்லை. வலது காலில் இருந்த கட்டைக் களத்திலேயே அவள் வெட்டியிருப்பாள் என்று நினைத்து, "டேப் போட்டும் இப்படி ஆயிடுச்சே, பேட் லக்" என்றார் டாக்டர். எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வாயைத் திறந்து சொல்ல அதுதான் நேரம். அவள் ஐஸ் பையை எடுக்கத் திரும்பினாள்.

பாக்கியராஜுக்கு எட்டு வாரம் ஓய்வு. அந்த எட்டு வாரத்துக்குள்தான் இந்திய அணிக்கு ஆள் எடுக்கிற முகாம். அதற்கு அவன் பெயர் வந்திருந்தது. அவனில்லாமலே முகாம் நடந்தது. இதைச் சொல்லாமல் அடுத்த சீசனுக்கு 'யெஸ்' எழுதினால், வாழ்நாள் முழுக்க அதை மறைத்துக்கொண்டு அந்த மேஜை முன்னால் நிற்க வேண்டும். சொன்னால் அந்த மேஜையே இருக்காது. இருபது வருஷம் கட்டிய பெயர் அது ஒன்றுதான்.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டது. மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பின் இருக்கையிலிருந்து ஊன்றுகோலோடு பாக்கியராஜ் இறங்கிக்கொண்டிருந்தான். ஓட்டிவந்தவர் அவன் அப்பா. "நைனா, நீ போயி டீசல் இஞ்சின் சாமான் வாங்கிக்கினு வா, நான் அக்காகிட்ட பேசிக்கினு இருக்கறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, வாசற்படிக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்தான்.

"ஆரணிலேர்ந்து புதுவாயல் வழியா பைக்லயா வந்த? அறிவு இருக்குதாடா? கால தொங்கப் போட்டுக்கினு!"

"தூக்கிப் புடிச்சிக்கினுதான்க்கா வந்தேன். திட்டாதீங்க. நாஷ்டா கூட துன்னல."

நான்கு தோசை தின்றான். ஐந்தாவதை அவள் போடும்போது, மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு பொருளை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கணுக்கால் வடிவத்திலேயே காய்ந்துபோன டேப் கட்டு. ஓரத்தில் கிழித்திருந்தது. மேலே தேதி. 'கி'.

அடுப்பில் தோசை கருகியது. அவள் அதை எடுக்கவில்லை.

"நீதான் கழட்னியா?"

"ஸ்ட்ரெச்சர்லயே. போர்வைக்குள்ள கைய வுட்டு. ஒரு கையால கழட்றது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? நீங்க சுத்தற சுத்து அப்டி." சிரிக்கப் பார்த்தான். "டாக்டர் ரெண்டு காலயும் பாப்பார்னு தெரியும். நீங்க மாட்டிக்குவீங்களேன்னு."

"எடது கால்ல கட்றேன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"மொத சுத்துலயே தெரியும்."

"மொத சுத்துலயேவா?" அவள் குரல் உயர்ந்தது. "அப்ப வாயில இன்னாடா வெச்சிக்கினு இருந்த? சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க போன்ல இருந்தீங்க. அக்கா ஏதோ காரணமாத்தான் கட்றாங்கன்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் மொகத்தப் பாத்தேன். நீங்க அங்க இல்லக்கா. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள 'கி' போட்டுட்டீங்க." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கி போட்டப்பறம் யாரு இன்னா பேசறது? நம்ம டீம்ல எவனாச்சும் பேசிருக்கானா?"

அவள் அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தாள். மில் மைதானத்தில் ஒருவனும் பிய்க்காமலிருக்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்த ஒரு எழுத்து, தப்பான காலில் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஒருவன் வாயைத் திறக்காத அளவுக்குப் பெரிதாக வளர்ந்து நின்றிருந்தது. வளர்த்தது அவள்தான். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்திருக்கிறது.

"முகாம் போச்சேடா."

"போச்சு. ஒரு வாரம் உங்க மேல செம கடுப்புல இருந்தேன். பொய் சொல்லல." பிறகு, "அடுத்த வருசமும் முகாம் வைப்பாங்க இல்ல? இத்த உங்ககிட்ட குடுத்துடணும்னுதான் வந்தேன். எங்க ஊட்ல வெச்சிக்கினு இருந்தா தூக்கம் வரல. அஞ்சாவது தோச கருகிப்போச்சு, வேற போடுங்க."

*

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த அன்புசெல்வன் சாப்பாட்டு மேஜைமேல் அந்தக் கட்டைப் பார்த்தான். தொடாமல் குனிந்து தேதியைப் படித்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பதினஞ்சு இருவது நாளா இத்த மனசுல வெச்சிக்கினா மாவு அரைச்சிக்கினு இருந்த?"

"சொன்னா நீ இன்னா சொல்லுவியோன்னு."

"நான் இன்னா சொல்றது? லைன நிறுத்துனவன் நான். 'சாவி'னு பேர் வாங்குனவன்." முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "கிறிஸ்டி, நான் ஒரு நாள் சாவியப் பாக்கெட்ல போட்டுக்கினு ஊட்டுக்கு வந்தேன். ரெண்டு மணி நேரம் லைன் நின்னுச்சி. நீ அஞ்சு வருசமா சாவியப் போட்டுக்கினே சுத்தற. ஷிஃப்ட் முடிஞ்சா என் பூட்ட நான் கழட்டுவேன், அடுத்த ஆளு அவன் பூட்ட மாட்டுவான். அதுதான மொற? டேக் எழுதக் கத்துக் குடுத்தேன், கழட்டக் கத்துக் குடுக்கல. அது என் தப்பு."

"எல்லாத்துலயும் உனக்கு ஒரு பங்கு வேணும்."

"டீயே இத்தன வாங்கித் தந்துக்கறேன், பங்கு இல்லாமயா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. நடுவில் உடைந்து அழுகையாகப் போனது. ரொம்ப நாளாக வராமலிருந்தது வந்ததில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்புசெல்வன் எழுந்துபோய், அழட்டும் என்று, மிச்சமிருந்த மாவுக்கு உப்புப் போட்டுக் கலக்கி வைத்தான். கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் விஷ்ணுவர்தனுக்கு போன் செய்தாள்.

"மேடம்! உங்க யெஸ்ஸுக்குத்தான் வெயிட்டிங்."

"எழுதிக்கோங்க, விஷ்ணு. அரையிறுதி காய அறிக்கைல ஒரு வரி மாத்தணும். 'வலது கணுக்காலுக்குப் போட வேண்டிய கட்டு, தவறுதலாக இடது காலில் போடப்பட்டது. போட்டவர் கிறிஸ்டினா.' எழுதிட்டீங்களா?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், இது யாருக்கும் தெரியாது. எதுக்கு வம்பு? நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்காதீங்க. மாத்தி எழுதுங்க."

"மேல கேப்பாங்க. அப்புறம் உங்களத் திரும்பக் கூப்பிடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"எனக்கும் தெரியலைங்க." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பாக்கியராஜ் கால் தேறினதும், முகாம்காரங்களுக்கு அணி சார்பா ஒரு கடிதம் போகணும். அவன் தப்பு எதுவும் இல்ல, ஒரு தடவை பாருங்கன்னு. அந்தக் கடிதத்துக்கு இந்த வரி வேணும். இல்லாட்டி அவன் டேப் போட்டும் நிக்காத கால்காரனாத்தான் இருப்பான்."

"சரி மேடம். அப்ப, யெஸ்ஸா நோவா?"

"இந்த சீசன் நோ. ஜானவி பேர போடுங்க. அவகிட்ட நானே பேசறேன். ஆனா இருக்கற எல்லாத்தையும் அவ தலைல ஏத்தாதீங்க. ஒவ்வொரு கட்டுக்கும் ரெண்டு பேர் கையெழுத்து, ஆட்டக்காரன் ஒத்துக்கிட்டா மட்டும் மூணாவதா அவன் கையெழுத்து. ஆட்டம் நடக்கற அன்னிக்கு மேஜைகிட்ட போன் கூடாது. மேலேர்ந்து வந்தாலும் கூடாது."

"மேலேர்ந்து வந்தாலுமா?"

"முதலாளியே வந்தாலும்."

*

ஜானவி பொறுப்பேற்ற முதல் வாரத்தில், காயம் ஆறுகிறவர்களைப் பற்றிக் கேட்டு, தினம் ஆறு தடவை போன் செய்தாள். கிறிஸ்டினா மூன்று தடவை எடுத்தாள். இரண்டாவது வாரம் ஜானவி இரண்டு தடவை செய்தாள், இவள் ஒரு தடவை எடுத்தாள். "நீ எப்டி நெனைக்கிறியோ அப்டியே போடு, உன் பேர எழுது" என்று சொல்லி வைத்துவிட்டு, கை தானாகத் திரும்ப அந்த எண்ணுக்குப் போகாமலிருக்கக் கைபேசியை அரிசி டப்பா மேல் வைத்தாள். எளிதாக இல்லை. நாலே முக்கால் விழிப்பும் இன்னும் போகவில்லை. படுத்துக்கொண்டே மின்விசிறியைப் பார்த்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். திரும்பக் கூப்பிடுவார்களா என்பதற்கு யாரிடமிருந்தும் பதில் வரவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்து முதல் நாள். நர்மதாவை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு வந்தாள். அன்புசெல்வனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். அவனும் சும்மா கூட வந்திருந்தான். லோக்கலிலிருந்து இறங்கிய கூட்டம் படியேறியது. நடுவில் ஒரு ஆள், கையில் ஹெல்மெட், வலது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் வந்தார். கிறிஸ்டினாவின் கண் அந்தக் காலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"குதிகால்" என்றாள் மெதுவாக. "காலைல எழுந்ததும் வலிக்கும். பத்துக்கு..." நிறுத்திக்கொண்டாள். "ரொம்ப வலிக்கும்."

"டீ?" என்றான் அன்புசெல்வன்.

"டீ."

இந்த முறை அப்பாவை முந்திக்கொண்டு நர்மதா ஓடினாள். அந்த ஆள் நின்று, குனிந்து காலைக் காட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தார். நர்மதா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"குதிகால் இல்லியாம்மா. நேத்து வாங்குன செருப்பாம். கடிக்குதாம்."

அன்புசெல்வன் கைதட்டியதில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தோத்துட்டா! உங்கம்மா தோத்துட்டா! நட, நட, கட அங்க கீது."

கிறிஸ்டினா பர்ஸைத் தேடினாள். எடுத்துக்கொண்டு வரவில்லை. கணவனிடமே கைநீட்டி வாங்கி, மூன்று டீ சொன்னாள்.